கட்டளை ஒன்று, தொகை பல

குர்ஆனில் ஜகாத் (கட்டாய தர்மம்) என்ற சொல் சுமார் 30 இடங்களில் வருகிறது. அதை யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று ஒன்பதாம் அத்தியாயத்தின் 60-ஆம் வசனம் எட்டுப் பிரிவினரை வரிசையாகச் சொல்கிறது. எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று சொல்லும் வசனம் ஒன்றுகூட இல்லை. இரண்டரை சதவீதம் என்று முஸ்லிம்கள் ரமலான்தோறும் கணக்குப் போடும் அந்த எண் ஹதீஸிலிருந்து, அதாவது நபிமொழியிலிருந்து வந்தது.

மார்க்கத்தில் கடைசிச் சொல் வேதத்துடையதா, நபிமொழியுடையதா, இரண்டையும் விளக்கும் அறிஞர்களுடையதா என்ற வாதம் ஆயிரத்து இருநூறு ஆண்டுகளாக ஓயவில்லை. கொள்கைப் பேச்சாகக் கேட்டால் மூன்று தரப்பும் சரியாகவே தோன்றும். அதையே ரூபாயாக்கிப் பார்த்தால் யார் எங்கே நிற்கிறார்கள் என்பது தெளிவாகிவிடும். இங்கே அந்தக் கணக்கைத்தான் போட்டிருக்கிறேன். விகிதங்களும் எடைகளும் நூல்களில் உள்ளவை, ரூபாய்த் தொகைகள் உதாரணத்துக்கு. தங்கம் கிராம் 9,000, வெள்ளி கிராம் 100 என்று முழுக்க வைத்துக்கொள்கிறேன். அன்றைய சந்தை விலையைப் போட்டு வாசகர்கள் மாற்றிப் பெருக்கிக்கொள்ளலாம்.

முதலில் மூலப் பிரதியின் அளவு. ஊர்ப் பேச்சில் 6,666 வசனங்கள் என்பார்கள். அச்சில் நம் கையில் இருக்கும் பிரதிகள் கூஃபா நகரத்து எண்ணிக்கையைப் பின்பற்றுபவை; அதன்படி 6,236. பஸ்ராக்காரர்கள் 6,204 என்று எண்ணினார்கள். இரண்டு ஊரிலும் ஓதியது ஒன்றுதான், வசனத்தை எங்கே முடிப்பது என்பதில்தான் வித்தியாசம். இவற்றில் சட்டம் சொல்லும் வசனங்கள் ஏறத்தாழ 500 என்பது இமாம் கஸாலி காலத்திலிருந்து வழங்கிவரும் கணக்கு. எகிப்தியச் சட்ட அறிஞர் அப்துல் வஹ்ஹாப் கல்லாஃப் (1888–1956) தொழுகை, நோன்பு போன்ற வணக்கங்களை ஒதுக்கிவிட்டு இன்னும் கறாராக எண்ணினார்: குடும்பம் 70, கொடுக்கல் வாங்கல் 70, குற்றவியல் 30, வெளியுறவு 25, நீதிமன்ற நடைமுறை 13, ஆட்சியமைப்பு 10, பொருளாதாரம் 10. கூட்டினால் 228. ஒரு நாகரிகத்தின் நீதிமன்றங்களை நடத்துவதற்கு இருந்த நேரடி வேத வாசகம் அவ்வளவுதான். மீதியை யாரோ நிரப்பியாக வேண்டும்.

அதை யார் நிரப்பியது என்பதற்கு அபூதாவூதின் ஹதீஸ் தொகுப்பில் ஒரு பதிவு இருக்கிறது. நபித்தோழர் இம்ரான் பின் ஹுஸைனிடம் ஒருவர், நீங்கள் சொல்லும் சில செய்திகளுக்குக் குர்ஆனில் அடிப்படை இல்லையே என்று கேட்கிறார். இம்ரானுக்குக் கோபம் வந்துவிடுகிறது. நாற்பது திர்ஹத்துக்கு ஒரு திர்ஹம் என்பதையும், இத்தனை ஆட்டுக்கு ஓர் ஆடு என்பதையும், இத்தனை ஒட்டகத்துக்கு இவ்வளவு என்பதையும் குர்ஆனில் பார்த்தாயா என்று திருப்பிக் கேட்கிறார். வந்தவர் இல்லை என்கிறார். அப்படியானால் எங்கிருந்து எடுத்தாய்? எங்களிடமிருந்து நீ எடுத்தாய், நபியிடமிருந்து நாங்கள் எடுத்தோம் என்பது இம்ரானின் வாதம். பின்னாளில் இமாம் ஷாஃபிஈ (767–820) தம் ‘அர்ரிஸாலா’வில் இதே வாதத்தைச் சட்டக் கோட்பாடாகவே கட்டினார். நபிவழியைத் தள்ளினால் கட்டளை மிஞ்சும், அளவு மிஞ்சாது.

ஒட்டகக் கடிதம்

ஹதீஸ் என்றாலே வாய்வழியாக வந்தது, இருநூறு ஆண்டு கழித்து எழுதப்பட்டது என்று சொல்பவர்கள் படித்துப் பார்க்க வேண்டிய ஆவணம் ஒன்று இமாம் புகாரியின் ஹதீஸ் தொகுப்பில் இருக்கிறது. கலீஃபா அபூபக்ர், நபித்தோழர் அனஸை பஹ்ரைனுக்கு வசூலுக்கு அனுப்பியபோது எழுதிக் கொடுத்த ஜகாத் பட்டியல் அது. 5 முதல் 24 ஒட்டகம் வரை ஒவ்வொரு ஐந்துக்கும் ஓர் ஆடு. 25 முதல் 35 வரை ஒரு வயதுப் பெண் ஒட்டகம் ஒன்று, 36 முதல் 45 வரை இரண்டு வயதானது ஒன்று, 46 முதல் 60 வரை மூன்று வயதானது. இப்படி 120 வரை படிப்படியாக ஏறுகிறது. ஆடு 40 முதல் 120 வரை ஒன்று, 200 வரை இரண்டு, 300 வரை மூன்று, பிறகு நூற்றுக்கு ஒன்று. வெள்ளியில் நாற்பதில் ஒரு பங்கு.

பட்டியலில் எனக்குப் பிடித்த வரி வேறு. கொடுக்க வேண்டிய வயதில் ஒட்டகம் இல்லாமல் ஒரு வயது குறைந்தது மட்டும் கையிலிருந்தால், அதோடு இரண்டு ஆடு அல்லது 20 திர்ஹம் சேர்த்துக் கொடுக்கலாம். வசூலிப்பவர் கூடுதல் வயதுள்ள ஒட்டகத்தை வாங்கினால் அவரும் அதே அளவு திருப்பித் தர வேண்டும். இதிலிருந்து அன்றைய ஆட்டு விலை 10 திர்ஹம் என்று கணிக்கலாம். 40 ஆடு வைத்திருப்பவரின் சொத்து 400 திர்ஹம். அதில் இரண்டரை சதவீதம் 10 திர்ஹம், அதாவது ஓர் ஆடு. வெள்ளிக் கணக்கும் ஆட்டுக் கணக்கும் அந்த இடத்தில் அச்சாகப் பொருந்துகின்றன. 120 ஆடு வைத்திருப்பவரும் அதே ஓர் ஆட்டைத்தான் கொடுக்கிறார். அவருக்கு விகிதம் 0.83 சதவீதமாக இறங்கிவிடுகிறது. மேய்ச்சல்காரருக்கு இருந்த இந்தச் சலுகை ரொக்கம் வைத்திருப்பவருக்கு இல்லை.

விளைச்சலுக்கு வந்தால் ஹதீஸ்களே ஒன்றோடொன்று உரசுகின்றன. மழையில் விளைந்தால் பத்தில் ஒன்று, இறைத்து விளைவித்தால் இருபதில் ஒன்று என்பது புகாரியில் உள்ள பொதுவிதி. ஐந்து வஸக்குக்குக் குறைந்தால் ஜகாத் இல்லை என்ற ஹதீஸும் அதே புகாரியில் இருக்கிறது. அன்றைய முகத்தலளவையில் ஒரு வஸக் 60 ஸாவு, ஆக 300 ஸாவு. இன்றைய எடையில் சுமார் 650 கிலோ. பொதுவிதியே போதும் என்று கீழ்வரம்பைத் தள்ளினார் இமாம் அபூஹனீஃபா. மானாவாரியில் 500 கிலோ எடுத்த விவசாயி அவர் கணக்கில் 50 கிலோ அளக்க வேண்டும். அவருடைய மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் உட்பட மற்ற எல்லோர் கணக்கிலும் அவர் ஒரு மணிகூடக் கொடுக்க வேண்டியதில்லை. இரண்டு ஹதீஸும் ஆதாரபூர்வமானவை. எது எதைக் கட்டுப்படுத்தும் என்ற விதிதான் அந்த ஐம்பது கிலோவைத் தீர்மானிக்கிறது.

595க்கும் 85க்கும் இடையில்

ரொக்கத்துக்குக் கீழ்வரம்பு எது? வெள்ளிக்கு ஐந்து ஊக்கியா, அதாவது 200 திர்ஹம் என்ற எண் புகாரி, முஸ்லிம் ஆகிய இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. தங்கத்துக்கு 20 தீனார் என்பது அந்த இரண்டிலும் இல்லை. அபூதாவூதில் அலீ வழியாக வருகிறது. அதன் அறிவிப்பாளர் தொடரைப் பற்றிப் பேச்சு உண்டு. அறிஞர்களின் ஒருமித்த நடைமுறைதான் அதைத் தூக்கி நிறுத்துகிறது. திர்ஹம் 2.975 கிராம், தீனார் 4.25 கிராம் என்று கொண்டால் வெள்ளிக்கு 595 கிராம், தங்கத்துக்கு 85 கிராம். நம் நாட்டு ஹனஃபி (அபூஹனீஃபா வழி) நூல்கள் தோலாவில் கணக்கிட்டு 612.36, 87.48 என்று சொல்லும். எதை வகுத்தாலும் ஈவு ஏழுதான். அன்று தங்கம் எடைக்கு எடை வெள்ளியைப் போல ஏழு மடங்கு மதிப்பு. இரண்டு வரம்பும் ஒரே சொத்தைத்தான் குறித்தன.

நாம் வைத்துக்கொண்ட விலையில் அந்த மடங்கு 90. வெள்ளி வரம்பு 59,500 ரூபாய், தங்க வரம்பு 7,65,000 ரூபாய். மூன்று லட்சம் சேமித்திருப்பவர் முதல் கணக்கில் 7,500 ரூபாய் கொடுக்கக் கடமைப்பட்ட செல்வர். இரண்டாவது கணக்கில் கொடுக்க வேண்டியதே இல்லை. ஏழைக்கு நன்மை தரும் அளவையே எடுக்க வேண்டும் என்று ஹனஃபி அறிஞர்கள் பெரும்பாலும் வெள்ளியைப் பிடிக்கிறார்கள். வெள்ளி மதிப்பிழந்துவிட்டது, 59,500 ரூபாய் வைத்திருப்பவரைச் செல்வர் என்பது சட்டத்தின் நோக்கத்தையே கெடுக்கும் என்று தங்கத்தைப் பிடித்தார் யூசுஃப் அல்கர்ளாவி (1926–2022). ஹதீஸ் பலத்தில் வெள்ளி முந்துகிறது. நோக்கத்தின் பலத்தில் தங்கம் முந்துகிறது. என்னைக் கேட்டால் கர்ளாவி பக்கம் நிற்பேன். ஆனால் அப்படி நின்ற மறுநிமிடமே ஹதீஸை அல்ல, ஹதீஸின் நோக்கத்தைப் பற்றிய ஒரு மனிதரின் கணிப்பைப் பின்பற்றுகிறேன் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

நகைக்கு வருவோம், தமிழ்நாட்டில் பெரிய தொகை புழங்குமிடம் அதுதான். காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈ வழி. வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் ஹனஃபி வழி. அணியும் நகைக்கு ஹனஃபியில் ஜகாத் உண்டு. ஷாஃபிஈ, மாலிகி, ஹன்பலி வழிகளில், வழக்கமான அளவுக்குள் அணியும் நகைக்கு ஜகாத் இல்லை. முப்பது பவுன் வைத்திருக்கும் ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். 240 கிராம். இரண்டரை சதவீதம் 6 கிராம், 54,000 ரூபாய். வாணியம்பாடியில் ஆண்டுதோறும் 54,000; கீழக்கரையில் சைபர். விலை ஏறாமலே இருபது ஆண்டு போனால் 10 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வித்தியாசம்.

இரு தரப்பிடமும் என்ன ஆதாரம் இருக்கிறது? மகளின் கையில் கனத்த தங்கக் காப்புகளோடு வந்த பெண்ணிடம் நபிகளார் ஜகாத் கொடுத்தாயா என்று கேட்டதாக அபூதாவூதில் ஒரு ஹதீஸ் உண்டு. எதிரே மாலிக்கின் முவத்தாவில் வேறொரு செய்தி: நபிகளாரின் துணைவியார் ஆயிஷா தம் பொறுப்பில் வளர்ந்த, சகோதரரின் அநாதை மகள்களின் நகைக்கு ஜகாத் எடுக்கவில்லை. இதில் சிக்கல் என்னவென்றால், தம் வெள்ளி மோதிரங்களுக்கு ஜகாத் கேட்கப்பட்டதாக அபூதாவூதில் அறிவிப்பவரும் அதே ஆயிஷாதான். சொன்ன செய்தியை எடுப்பதா, செய்த செயலை எடுப்பதா? இமாம் திர்மிதியோ இந்த விஷயத்தில் நபிகளாரிடமிருந்து உறுதியாக எதுவும் வரவில்லை என்றே எழுதிவிட்டார். ஆண்டுக்கு 54,000 ரூபாய் அந்த ஒற்றை மதிப்பீட்டின் மேல் நிற்கிறது. மலேசியாவின் சிலாங்கூரில் ஷாஃபிஈ வழியில் ‘வழக்கமான அளவு’ என்பதற்கே ஓர் எண் வைத்துவிட்டார்கள்: 800 கிராம். நூறு பவுன் வரை அங்கே அணிகலன்தான்.

தமிழ்நாட்டில் தவ்ஹீது இயக்கத்தின் ஒரு பிரிவினர் எழுப்பிய வாதம் இதைவிடப் பெரிய தொகையை அசைத்தது. ஒரு பொருளுக்கு ஒரு முறை ஜகாத் கொடுத்தால் போதும், ஆண்டுதோறும் அதே பொருளுக்குக் கொடுக்கச் சொல்லும் பலமான ஹதீஸ் இல்லை என்றார்கள். ஓராண்டு கழியாமல் ஜகாத் இல்லை என்ற அறிவிப்புகளின் தொடர்களில் குறை உண்டு என்பது உண்மைதான். இப்னு உமர் வழியாக வருவதை நபிமொழியாகக் கொள்வதைவிட அவருடைய சொந்தச் சொல்லாகக் கொள்வதே சரி என்று திர்மிதியே சொல்லியிருக்கிறார். ஆண்டுதோறும் என்று வெளிப்படையாகச் சொல்லும் ஒரு ஹதீஸ் அபூதாவூதில் உண்டு. அதன் தொடரில் ஒரு கண்ணி அறுந்திருக்கிறது. மறுதரப்பு இவற்றை மட்டும் நம்பி நிற்கவில்லை. முதல் கலீஃபாக்கள் ஆண்டுதோறும் வசூலித்தார்கள், எல்லா மத்ஹபுகளும் (சட்ட வழிகளும்) அதையே வழிவழியாகக் கொண்டன, இவ்வளவு பேரின் நடைமுறை எந்தத் தனி ஹதீஸைவிடவும் கனமானது என்றார்கள்.

பத்து லட்சம் ரூபாய் பத்தாண்டு சும்மா இருந்தால் என்ன ஆகும்? ஒருமுறைக் கணக்கில் 25,000 ரூபாய். ஆண்டுக் கணக்கில் ஒவ்வோர் ஆண்டும் மீதத்தில் இரண்டரை சதவீதம் கழியும். பத்தாம் ஆண்டு முடிவில் கையிருப்பு 7,76,330, கொடுத்தது 2,23,670. ஏறக்குறைய ஒன்பது மடங்கு. அறிவிப்பாளர் தொடர்களைப் பற்றிய ஒரு சர்ச்சை, ஊரிலுள்ள ஏழைகளின் வருமானத்தை இப்படித் தொட்டுவிடுகிறது.

ஷியா தரப்பில் கணக்கேடே வேறு. அவர்களுக்கு ஜகாத் ஒன்பது பொருள்களுக்குத்தான். காகிதப் பணம் அதில் இல்லை. ஆனால் எட்டாம் அத்தியாயத்தின் 41-ஆம் வசனம் சொல்லும் ஐந்தில் ஒரு பங்கை அவர்கள் ஆண்டு வருமானத்தின் மிச்சத்துக்கும் பொருத்துகிறார்கள். பத்ரு போரை ஒட்டி வந்த வசனம் அது, போர்ப் பொருளோடு சரி என்பது சுன்னி விளக்கம். ஐந்து லட்சம் மிச்சப்படுத்தியவர் ஒரு விளக்கத்தில் ஒரு லட்சம் கொடுக்கிறார், இன்னொரு விளக்கத்தில் ஜகாத்தாக 12,500. பாகிஸ்தான் அரசு 1980-இல் வங்கிக் கணக்குகளிலிருந்து இரண்டரை சதவீதத்தை நேரடியாகப் பிடிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது ஷியாக்கள் இஸ்லாமாபாத்தில் திரண்டு போராடினார்கள். அவர்களுக்கு விலக்கு கிடைத்தது. வசனத்தின் விளக்கத்தை அரசு தீர்மானிக்கப் பார்த்தது. வீதியில் அது நடக்கவில்லை.

சலித்தெடுத்தவர்களின் கணக்கு

பலமானது, பலவீனமானது என்று யார் பிரித்தார்கள்? இமாம் புகாரி (810–870) ஆறு லட்சம் ஹதீஸ்களிலிருந்து பதினாறு ஆண்டுகளில் தம் நூலைத் தொகுத்தார் என்பது மரபு. பிற்கால ஹதீஸ் அறிஞர் இப்னு ஹஜர் எண்ணியபடி அதில் திரும்ப வருபவற்றோடு சேர்த்து 7,397, நீக்கினால் 2,602. எனவே 99 சதவீதம் பொய் என்று தள்ளிவிட்டார் என்று ஒரு பிரச்சாரம் ஓடுகிறது. அந்த ஆறு லட்சம் என்பது தொடர்களின் எண்ணிக்கை. ஒரே சொல் பத்துப் பேர் வழியாக வந்தால் அது பத்து ஹதீஸ். மேலும், பலமான எல்லாவற்றையும் சேர்க்கப்போவதாக அவர் சொல்லவும் இல்லை.

அதே நேரம், பலமானது என்றால் பலர் சொன்னது என்று நினைத்துக்கொள்வதும் பிழை. புகாரியின் முதல் ஹதீஸ், செயல்கள் எண்ணங்களைப் பொறுத்தவை என்பது. மார்க்க அறிவின் மூன்றிலொரு பங்கு அதில் அடக்கம் என்பார்கள். கலீஃபா உமர், அவரிடமிருந்து அல்கமா, அவரிடமிருந்து முஹம்மத் பின் இப்ராஹீம், அவரிடமிருந்து யஹ்யா பின் ஸயீத் என நான்கு தலைமுறைக்கு ஒற்றை ஆள்தான். யஹ்யாவுக்குப் பிறகுதான் அது நூற்றுக்கணக்கானவர்களிடம் பரவியது. புகாரி நூலும் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததில்லை. தாரகுத்னி (918–995) முதலியோர் குறை சொன்னவை அதில் 110 என்று இப்னு ஹஜரே பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினார். நூற்றுக்கு ஒன்றரை. பெரும்பாலும் தொடரைப் பற்றிய குறைகள்.

சலிப்பின் விளைவு துல்லியமாகத் தெரியுமிடம் இப்னுமாஜாவின் தொகுப்பு. 4,341 ஹதீஸ்களில் 3,002, ஆறு ஆதார நூல்களில் மற்ற ஐந்தில் ஏதேனும் ஒன்றிலாவது உள்ளவை. மிச்சம் 1,339. அவற்றை எகிப்தின் முஹம்மத் ஃபுஆத் அப்துல்பாகி தரம் பிரித்தார்: 428 பலமானவை, 199 நடுத்தரம், 613 பலவீனம், 99 அடியோடு தள்ள வேண்டியவை அல்லது பொய். கூடுதலாகக் கிடைத்ததில் பாதிக்கு மேல், 712, தேறவில்லை. அந்த ஆறில் ஒன்றின் கதை இது. ஷியாக்களின் ஹதீஸ் தொகுப்பான அல்காஃபியில் 16,000-க்கு மேற்பட்ட அறிவிப்புகளில் 9,485 பலவீனமானவை என்பது அவர்களுடைய அறிஞர்களே சொல்லிவரும் கணக்கு. ஹதீஸ் என்று ஒருவர் மேடையில் சொன்னதும் கேட்க வேண்டிய முதல் கேள்வி எந்த நூல் என்பது; இரண்டாவது, என்ன தரம்.

பாட்டிக்கு ஆறில் ஒன்று

சொத்துப் பங்கீட்டில் குர்ஆன் தாராளமாக எண்களைத் தருகிறது. பாதி, கால், எட்டில் ஒன்று, மூன்றில் இரண்டு, மூன்றில் ஒன்று, ஆறில் ஒன்று என்ற ஆறு பின்னங்கள் நான்காம் அத்தியாயத்தின் மூன்றே வசனங்களில், 11, 12, 176-இல், அடங்கியிருக்கின்றன. இவ்வளவு தெளிவாகத் தந்தும் வேலை முடியவில்லை.

பேரன் இறந்தபின் ஒரு பாட்டி அபூபக்ரிடம் பங்கு கேட்டு வந்தார். குர்ஆனில் உனக்கு ஒன்றும் இல்லை, நபிவழியிலும் எனக்குத் தெரியவில்லை என்றார் கலீஃபா. நபிகளார் ஆறில் ஒன்று கொடுத்ததைப் பார்த்தேன் என்று நபித்தோழர் முகீரா சாட்சி சொன்னார். வேறு யாராவது உண்டா என்று அபூபக்ர் கேட்டார். முஹம்மத் பின் மஸ்லமா எழுந்து அதையே சொன்னார். தீர்ப்பு ஆயிற்று. இரண்டு பேரின் நினைவு, ஆறில் ஒரு பங்கு.

உமர் காலத்தில் வந்த வழக்கு இன்னும் சிக்கலானது. பிள்ளையில்லாத பெண் இறக்கிறார். கணவனும் உடன்பிறந்த இரு சகோதரிகளும் இருக்கிறார்கள். வசனப்படி கணவனுக்குப் பாதி, சகோதரிகளுக்கு மூன்றில் இரண்டு. கூட்டினால் ஆறில் ஏழு. சொத்து 42 லட்சம் என்றால் கணவனுக்கு 21, சகோதரிகளுக்கு 28. 49 லட்சம் தேவைப்படுகிறது, ஏழு லட்சத்தைக் காணோம். இதற்கு வசனமும் இல்லை, ஹதீஸும் இல்லை. உமர் தோழர்களைக் கூட்டிக் கலந்தார். கடன்காரர்களுக்கு நொடித்தவனின் சொத்தைப் பிரிப்பதுபோல எல்லோர் பங்கையும் விகிதப்படி குறைத்தார்: சொத்து ஏழு பங்கு, கணவனுக்கு மூன்று, சகோதரிகளுக்கு நான்கு. ஆக 18 லட்சம், 24 லட்சம். இப்னு அப்பாஸ் பின்னாளில் இதை மறுத்தார். கணவனின் பங்கு குறையாது, குறைவு சகோதரிகளுக்கே என்றார். அதன்படி 21, 21. சுன்னிகள் உமரையும் ஷியாக்கள் இப்னு அப்பாஸின் பக்கத்தையும் பின்பற்றுகிறார்கள். மூன்று லட்ச ரூபாய் இரண்டு தோழர்களின் கூட்டல் கணக்குக்கு நடுவே கிடக்கிறது.

இதைவிட வேதனையான கணக்கு, தந்தையை முன்பே இழந்த பேரனுடையது. தாத்தா 60 லட்சம் விட்டுப் போகிறார். உயிரோடு ஒரு மகனும், இறந்த மகனின் மகனும் இருக்கிறார்கள். இந்தியாவில் பேரனுக்கு ஒன்றுமில்லை, அறுபதும் சித்தப்பாவுக்கோ பெரியப்பாவுக்கோ போய்விடும். பாகிஸ்தானின் 1961 குடும்பச் சட்டப்படி தந்தையின் பங்கான 30 லட்சம் பேரனுக்கு. எகிப்தின் 1946 சட்டப்படி 20 லட்சம். பாகிஸ்தான் சட்டத்தை எழுதியவர்கள் தந்தையின் இடத்தில் பேரனை நேரடியாக உட்காரவைத்தார்கள். குர்ஆனுக்கும் சுன்னாவுக்கும் முரண் என்று 2000-இல் கூட்டாட்சி ஷரீஅத் நீதிமன்றம் அதைச் சாடியது. எகிப்தியர்கள் சாமர்த்தியசாலிகள். நெருங்கிய உறவினருக்கு மரண சாசனம் செய்யச் சொல்லும் 2:180 வசனம், பங்கீட்டு வசனங்களால் மாற்றப்பட்டுவிட்டது என்பது பெரும்பான்மைக் கருத்து. பங்கு பெறாத உறவினருக்கு அது இன்னும் கட்டாயமே என்று ஸ்பெயினின் இப்னு ஹஸ்ம் (994–1064) எழுதிவைத்திருந்தார். 900 ஆண்டு அலமாரியில் கிடந்த அந்தச் சிறுபான்மைக் கருத்தை எடுத்து, சாசனம் மூன்றில் ஒன்றைத் தாண்டக்கூடாது என்ற ஹதீஸின் வரம்பையும் மாட்டிச் சட்டமாக்கிவிட்டார்கள். வேதத்தையும் விடவில்லை, ஹதீஸையும் விடவில்லை, பேரனையும் விடவில்லை. ஆண்டு, வரம்பு, ஆதாரம் மூன்றையும் பார்த்தால் இந்தக் கட்டுரையிலேயே கெட்டிக்காரத்தனமான சட்டம் இதுதான் என்பேன்.

25 ரூபாய், 179 ரூபாய் 20 காசு

ஹதீஸை வேதத்தோடு உரசிப் பார்ப்பது புதிய பழக்கம் என்பவர்களுக்கு ஃபாத்திமா பின்த் கைஸின் வழக்கைச் சொல்லலாம். முழுமையாகத் தலாக் சொல்லப்பட்ட தமக்கு இத்தா (தலாக்குக்குப் பின் பெண் காத்திருக்கும்) காலச் செலவும் கிடையாது, தங்குமிடமும் கிடையாது என்று நபிகளார் சொன்னதாக அவர் அறிவித்தார். கலீஃபா உமர் ஏற்கவில்லை. அவர் நினைவில் வைத்தாரோ மறந்தாரோ தெரியாத நிலையில் இறைவேதத்தை விட முடியாது என்று 65-ஆம் அத்தியாயத்தைக் காட்டினார். ஃபாத்திமாவின் அறிவிப்பும் உமரின் மறுப்பும் சேர்ந்தே முஸ்லிம் நூலில் இருக்கின்றன. மாதச் செலவு 8,000, வாடகை 7,000, மூன்று மாதம் என்று வைப்போம். உமரைப் பின்பற்றும் ஹனஃபியில் 45,000. தங்குமிடம் மட்டும் தரும் ஷாஃபிஈ, மாலிகியில் 21,000. ஃபாத்திமாவை அப்படியே ஏற்கும் ஹன்பலியில் ஒன்றுமில்லை.

இந்தியாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்குப் போனபோது விளக்கும் அதிகாரம் யாருடையது என்பதே வழக்காகிவிட்டது. 1897-இல் ஒரு விதவையின் ஜீவனாம்ச வழக்கில் லண்டன் பிரிவி கவுன்சில் கையைக் கட்டிக்கொண்டது. பழைய உரையாசிரியர்கள் வேறு விதமாகச் சொல்லியிருக்கும்போது குர்ஆனுக்கு நீதிமன்றம் தன் சொந்த விளக்கம் சொல்வது சரியல்ல என்றது. 88 ஆண்டு கழித்து, 1985 ஏப்ரல் 23 அன்று, விவாகரத்தான ஷா பானுவின் ஜீவனாம்ச வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் 2:241 வசனத்தை நேராக எடுத்து விளக்கினார்கள். கீழ் நீதிமன்றம் விதித்த தொகை மாதம் 25 ரூபாய், உயர் நீதிமன்றம் உயர்த்தியது 179 ரூபாய் 20 காசு, உச்ச நீதிமன்றம் உறுதி செய்ததும் அதையே. உலமாக்கள் கொதித்தது 154 ரூபாய் 20 காசு வித்தியாசத்துக்காக அல்ல. 1986-இல் வந்த சட்டம் கணவனின் பொறுப்பை இத்தாவுக்குள் அடைத்ததாகத் தோன்றியது. 2001-இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் நீதிமன்றம் அதே சட்டத்தை, இத்தாவுக்குள் வாழ்நாளுக்கான ஏற்பாட்டைச் செய்ய வேண்டும் என்று படித்தது. 2024 ஜூலை 10 அன்று தெலங்கானா வழக்கில், பொதுச் சட்டப்படியும் விவாகரத்தான முஸ்லிம் பெண் ஜீவனாம்சம் கேட்கலாம் என்றது. அங்கே உயர் நீதிமன்றம் நிர்ணயித்திருந்த இடைக்காலத் தொகை மாதம் 10,000. மூன்று தலாக்கைச் செல்லாது என்ற 2017 தீர்ப்பு மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் வந்தது. நபிகளார் காலத்திலும் அபூபக்ர் காலத்திலும் உமரின் முதல் இரண்டு ஆண்டுகளிலும் ஒருசேரச் சொன்ன மூன்று, ஒன்றாகவே எண்ணப்பட்டது என்ற இப்னு அப்பாஸின் அறிவிப்பு முஸ்லிம் நூலில் எப்போதும் இருந்ததுதான்.

கடைசியாக, நோன்புப் பெருநாள் தர்மமான ஃபித்ரா. தொகை சின்னது, ஆனால் எல்லா வீட்டையும் தொடுவது. தலைக்கு ஒரு ஸாவு பேரீச்சை அல்லது வாற்கோதுமை என்கிறது இப்னு உமரின் ஹதீஸ். ஸாவு எவ்வளவு? ஈராக்கில் எட்டு ராத்தல் என்றார்கள். மதீனாவில் ஐந்தும் மூன்றிலொன்றும். அபூயூசுஃப் மதீனா வந்தபோது இமாம் மாலிக் அந்த ஊரார் வழிவழியாக வைத்திருந்த மரக்கால்களைக் கொண்டுவரச் சொன்னார். அளந்து பார்த்த அபூயூசுஃப் தம் ஆசிரியர் அபூஹனீஃபாவின் கணக்கை விட்டுவிட்டார் என்று பதிவு. ஆனாலும் எட்டு ராத்தல் ஹனஃபி வழியில் நிலைத்தது. கோதுமைக்குப் பாதி போதும் என்பது கலீஃபா முஆவியாவின் விலை ஒப்பீட்டிலிருந்து வந்தது. நான் பழையபடியே கொடுப்பேன் என்று நபித்தோழர் அபூஸயீத் அல்குத்ரி அன்றே மறுத்ததும் முஸ்லிம் நூலில் இருக்கிறது.

ஐந்து பேர் உள்ள குடும்பம். ஷாஃபிஈ முறையில் அரிசி தலைக்கு இரண்டரை கிலோ, கிலோ 60 ரூபாய் என்றால் 750. ஹனஃபி முறையில் கோதுமை தலைக்கு 1.6 கிலோ, கிலோ 40 என்றால் 320. அதே ஹனஃபி முறையில் உலர்ந்த திராட்சை 3¼ கிலோ, கிலோ 400 என்றால் 6,500. மூன்றும் செல்லும். ஆனால் பள்ளிவாசல் பலகையில் பெரும்பாலும் ஓர் எண்தான் எழுதப்படுகிறது. வசதியுள்ளவரும் கூலிக்காரரும் அதையே கட்டிவிட்டுப் போகிறார்கள். ஜமாஅத் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள்: அடுத்த ரமலானில் தொகையோடு எந்தப் பொருள், எத்தனை கிலோ, எந்த மத்ஹபின் கணக்கு என்பதையும் எழுதிவையுங்கள். கோதுமைக்குக் கீழே பேரீச்சைக்கும் திராட்சைக்கும் உரிய தொகைகளையும் போடுங்கள். எதைக் கொடுப்பது என்பதைக் கொடுப்பவரே பார்த்து முடிவு செய்யட்டும்.